திரும்பும் சக்கரத்தைச் சுழற்றும் தண்டு

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது, அதன் அடியில் குனிந்து பார்த்த மெக்கானிக்குகளுக்கு ஒரு பொருள் கண்ணில் படவில்லை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய எல்லா வண்டிகளிலும் முன்னாலிருந்து பின்னால்வரை ஓடிய நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட் இதில் இல்லை. குறுக்காக வைத்த என்ஜின், அதை ஒட்டியே கியர்பாக்ஸ், அதிலிருந்து இடமும் வலமுமாக முன்சக்கரங்களுக்குப் போகும் இரண்டு தண்டுகள். ஒவ்வொரு தண்டின் இரு முனையிலும் மடிப்பு மடிப்பான கறுப்பு ரப்பர் உறை. விசையைக் கடத்தும் வேலை முழுவதும் அந்தச் சிறிய இடத்துக்குள் முடிந்துவிட்டது.

அந்தத் தண்டைப் பட்டறையில் ‘ஆக்சில்’ என்பார்கள், ‘டிரைவ் ஷாஃப்ட்’ என்றும் சொல்வார்கள். மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டாலும், அந்தத் தலைமுறைக் கார்கள் இன்றும் ஓடுகின்றன. வயதான காரில் ஆக்சில் மாற்றுவது சாதாரண வேலை. அந்த வேலைக்குச் சில விதிகள் உண்டு. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்து. தண்டைப் பிடித்து இழுக்காதே. பழைய நட்டைத் திரும்பப் போடாதே. ஆக்சில் இல்லாமல் வண்டியை உருட்டாதே. பெரும்பாலோர் இவற்றை மேஸ்திரி சொன்னதால் கடைப்பிடிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் கறாரான இயற்பியல் இருக்கிறது. அது தெரிந்தவர் கையில் இந்த வேலை வேறு மாதிரி நடக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில், அந்தத் தண்டிடம் நாம் என்ன கேட்கிறோம் என்று பார்ப்போம். பின்சக்கரத்தால் ஓடும் காரில் வேலை பிரிந்திருக்கிறது: பின்சக்கரம் தள்ளும், முன்சக்கரம் திரும்பும். முன்சக்கர இயக்கத்தில் ஒரே சக்கரம் இரண்டையும் செய்கிறது. போதாக்குறைக்குப் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறுகிறது. கியர்பாக்ஸ் ஓரிடத்தில் நிற்க, சக்கரம் திரும்பிக்கொண்டும் ஏறி இறங்கிக்கொண்டும் இருக்கிறது. நடுவில் இருக்கும் தண்டு எல்லாக் கோணத்திலும் விசையைக் கடத்த வேண்டும். கடத்தினால் மட்டும் போதாது, துளிக்கூடத் துடிக்காமல் சீராகக் கடத்த வேண்டும். கடினமானது இந்தச் சீர்தான்.

கோணத்தில் இருக்கும் இரண்டு தண்டுகளை இணைக்க மிகப் பழைய வழி ஒன்று உண்டு. லாரிக்கு அடியில் பார்த்திருப்பீர்கள்: இரண்டு கவைகள், நடுவில் கூட்டல் குறி போன்ற ஒரு சிலுவைத் துண்டு. ஐரோப்பாவில் கார்டன் இணைப்பு என்றும், 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக்கின் பெயரால் ஹூக் இணைப்பு என்றும் இதை அழைக்கிறார்கள். பார்க்க எளிமையானது, பலமானது. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. உள்ளே வரும் தண்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், வெளியே போகும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகமெடுத்து இரண்டு முறை தயங்கும். தண்டுகளுக்கு இடையே 30 பாகைக் கோணம் இருந்தால், வெளிவேகம் உள்வேகத்தைவிட ஒரு கணம் 15 சதவீதம் கூடுகிறது, அடுத்த கணம் 13 சதவீதம் குறைகிறது.

இந்த ஏற்றத்தாழ்வின் கணக்கு சூரியக் கடிகாரத்தின் கணக்கேதான். தரையில் கிடைமட்டமாக வைத்த சூரியக் கடிகாரத்தில் சூரியன் சீராக நகர்ந்தாலும் மணிக்கோடுகள் சம இடைவெளியில் அமைவதில்லை. சென்னையின் அட்சரேகை 13 பாகை. அங்கே நண்பகல் முதல் மூன்று மணிவரை நிழல் சுமார் 13 பாகைதான் நகரும்; மூன்று முதல் ஆறு மணிக்குள் மீதி 77 பாகையையும் கடந்துவிடும். வானத்தின் அச்சுக்கும் கடிகாரத் தட்டின் அச்சுக்கும் இடையே உள்ள கோணம்தான் காரணம். ஒன்றுக்கொன்று சாய்ந்த இரண்டு அச்சுகளை ஹூக் இணைப்பால் பிணைத்தாலும் அதே சமன்பாடுதான் வருகிறது. இந்த உறவை ஹூக்கே அறிந்திருந்தார். மணிக்கோடுகளைக் குறிக்கத் தன் இணைப்பைப் பயன்படுத்தலாம் என்று 1670-களிலேயே எழுதினார். காரின் அடிப்பாகத்தையும் வானத்தையும் ஒரே சமன்பாடு கட்டியாள்வதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

லாரியில் இந்தத் துடிப்பை அடக்க ஒரு தந்திரம் உண்டு. புரொப்பல்லர் ஷாஃப்டின் இரு முனைகளிலும் ஒவ்வோர் இணைப்பைப் போட்டு, இரண்டு கோணங்களையும் சமமாக வைத்தால், முதல் இணைப்பு கெடுத்ததை இரண்டாவது சரிசெய்துவிடும். கோணங்களும் அங்கே சிறியவை. முன்சக்கரத்தில் இது நடக்காது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரப் பக்கத்துக் கோணம் மட்டும் 30, 40 பாகை என்று எகிறும். கியர்பாக்ஸ் பக்கத்துக் கோணம் அப்படியே இருக்கும். 12 அங்குல ரிம் போட்ட சிறிய கார், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வளைவில் திரும்பினால், சக்கரம் நொடிக்கு மூன்றரைச் சுற்று சுற்றும். நொடிக்கு ஏழு துடிப்பு ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு வரும். முன்சக்கர இயக்கம் பல பத்தாண்டுகள் அரிதாகவே இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தீர்வு சமச்சீரில் இருந்தது. இரண்டு தண்டுகள் ஒரு புள்ளியில் கோணமாகச் சந்திக்கின்றன என்று வையுங்கள். அந்தக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளம் ஒன்றை மனத்தில் வரையுங்கள். அந்தத் தளத்தில் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் ஒரு தண்டின் பிம்பம் மற்றத் தண்டின் மேலேயே விழும். விசையைக் கடத்தும் தொடுபுள்ளிகள் எப்போதும் அந்தத் தளத்திலேயே இருக்குமாறு செய்துவிட்டால், ஒரு தண்டு வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழலக் காரணமே இல்லாமல் போகிறது, ஏனென்றால் இரண்டும் ஒன்றின் பிம்பம் மற்றொன்று. ஹூக் இணைப்பின் சிலுவை அந்தத் தளத்துக்கு வெளியே ஆடுவதால்தான் துடிப்பு வருகிறது.

இந்த எண்ணத்தை எஃகில் வடித்தவர்கள் பலர். 1920-களில் பிரான்சில் ஜான்-ஆல்பேர் கிரெகுவார், பியர் ஃபெனாய் இருவரும் டிராக்டா இணைப்பை உருவாக்கி, அதே பெயரில் முன்சக்கர இயக்கக் கார்களையும் கட்டினார்கள். ஃபோர்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆல்ஃபிரட் ரெப்பா அதே பத்தாண்டில் குண்டுகளைக் கொண்ட இணைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்புகளின் முன் அச்சில் இத்தகைய இணைப்புகள் சேற்றில் உழைத்தன. 1959-இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி, ரெப்பா வகை இணைப்பைச் சாதாரணக் குடும்பங்களின் காருக்குக் கொண்டுவந்தது. என்ஜினைக் குறுக்காக வைத்து முன்சக்கரத்தை ஓட்டும் அந்த அமைப்பின் வழியில் வந்ததுதான் மாருதி 800-உம்.

ரெப்பா இணைப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஆறு எஃகுக் குண்டுகள் இருக்கும். தண்டின் முனையில் பள்ளங்கள் வெட்டிய உள்கோளம். சக்கரப் பக்கத்தில் பள்ளங்கள் வெட்டிய வெளிக்கிண்ணம். இரண்டுக்கும் நடுவே குண்டுகளைப் பிடித்து வைக்கும் ஒரு கூண்டு. உள்பள்ளத்தின் வளைவு மையமும் வெளிப்பள்ளத்தின் வளைவு மையமும் இணைப்பின் நடுப்புள்ளியிலிருந்து எதிரெதிர்ப் பக்கமாக ஒரே அளவு தள்ளி இருக்கும். அதனால் இரண்டு பள்ளங்களும் சேர்ந்து ஆப்புபோல் குண்டை நெருக்கி, அதை எப்போதும் பாதித் தளத்துக்கே தள்ளிவிடுகின்றன. ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் ஆறு குண்டுகளும் தாமாகவே சரியான இடத்துக்கு வந்து நிற்கும். 45 பாகைக்கு மேலும் இந்த இணைப்பு தாங்கும்.

கியர்பாக்ஸ் பக்கத்து இணைப்பு வேறு. சக்கரம் ஏறி இறங்கும்போது கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் இடையே தூரம் மாறுவதால், அங்கே தண்டு உள்ளும் வெளியும் வழுக்க வேண்டும். பல கார்களில் மூன்று கால் கொண்ட ‘டிரைபாட்’ இருக்கும்: மூன்று உருளைகள், அவை ஓட மூன்று தடங்கள் வெட்டிய கிண்ணம். இந்த உருளைகளைக் கிண்ணத்துக்குள் பிடித்து வைக்கப் பல வண்டிகளில் வலுவான தடை எதுவும் கிடையாது. ‘தண்டைப் பிடித்து இழுக்காதே’ என்ற விதியின் காரணம் இதுதான். தண்டை இழுத்தால் கிண்ணம் கியர்பாக்ஸிலேயே இருக்க, உருளைகள் கழன்று ரப்பர் உறைக்குள் வந்துவிடும்.

இனி, ஆக்சில் ஏன் போகிறது? விசையால் என்று நினைப்போம். விசை சிறியதல்லதான். 60 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் சின்ன என்ஜின், முதல் கியரில் ஏறத்தாழ 15 மடங்கு பெருகினால் 900. இரண்டு தண்டுக்கும் பாதிப் பாதி, 450. குண்டுகள் மையத்திலிருந்து 25 மில்லிமீட்டர் தூரத்தில் இருந்தால் ஒவ்வொரு குண்டின்மேலும் விழுவது ஏறத்தாழ 300 கிலோ எடை, அதுவும் நகத்தின் ஓர் ஓரம் அளவேயான தொடுபரப்பில். ஆனால் குண்டும் பள்ளமும் இதற்கென்றே மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டவை. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு அந்தச் சக்கரம் 6 கோடி முறைக்கு மேல் சுற்றுகிறது. கிரீஸ் சுத்தமாக இருந்தால் இணைப்பு அதையும் தாண்டும்.

ஆக்சிலைக் கொல்வது ரப்பர் உறையில் விழும் கிழிசல். ‘பூட்’ என்று அழைக்கப்படும் அந்த உறை வெயிலிலும் வெப்பத்திலும் இறுகி, மடிப்பின் அடியில் வெடிக்கிறது. வெளிப்பக்க உறை ஒவ்வொரு திருப்பத்திலும் நசுங்கி விரிவதால் அதுதான் பெரும்பாலும் முதலில் போகும். சுழலும் வேகத்தில் உள்ளே இருந்த கறுப்பு கிரீஸ் வெளியே சிதறுகிறது. சக்கரத்தின் உட்புறம் வட்டமாகக் கறை தெரிந்தால் காரணம் இதுதான். கிரீஸ் போன இடத்துக்கு மழைத்தண்ணீரும் தூசியும் வருகின்றன. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கடினப்படுத்திய எஃகையே கீறக்கூடியது. பள்ளத்தின் மேல்தோல் ஒருமுறை உரிந்துவிட்டால், எத்தனை புதிய கிரீஸ் அடைத்தாலும் அது திரும்பாது. விலை குறைந்த ஒரு ரப்பர் உறையைப் பார்க்காமல் விட்டதால் விலை உயர்ந்த ஆக்சிலையே இழக்கிறோம். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ஆயிலைப் பற்றிக் கேட்கும் நாம் பூட்டைப் பற்றிக் கேட்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

நோயைக் காது சொல்லிவிடும். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ‘டக்... டக்... டக்’ என்று, சக்கரத்தின் வேகத்தோடு சேர்ந்து கூடிக் குறையும் ஒலி வந்தால் வெளி இணைப்பு தேய்ந்திருக்கிறது. நேராகப் போகும்போது, மிதித்தால் மட்டும் வண்டி உதறி, காலை எடுத்தால் உதறல் நின்றால் உள் இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும். ஒலி வருவதற்கு முன்பே கிழிசலைக் கண்டுபிடித்துவிட்டால் இணைப்பைக் கழுவி, புது கிரீஸும் புது உறையும் போட்டால் போதும். ஒலி வந்த பிறகு மாற்றுவதே வழி.

பழைய கைகள் இதில் ஒரு சாமர்த்தியம் செய்வதுண்டு. கார் பெரும்பாலும் முன்னால்தான் போகிறது. ஆகவே குண்டு ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு பக்கச் சுவரையே அழுத்துகிறது. மறுசுவர் ரிவர்ஸில் போகும்போது மட்டும் வேலை செய்வதால் புதிதாகவே இருக்கும். இரண்டு பக்கத்து இணைப்பும் ஒரே மாதிரியாக இருக்கும் வண்டிகளில், இடது இணைப்பை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாற்றிப் போட்டால் சுழலும் திசை மாறி, தேயாத சுவர் சுமையை ஏற்கிறது. டக் டக் ஒலி கொஞ்ச காலத்துக்கு அடங்கிவிடும். நிரந்தரத் தீர்வல்ல என்றாலும், இயந்திரத்தை உற்றுப் பார்த்தவருக்குத்தான் இது தோன்றும்.

மாற்றும் வேலைக்கு வருவோம். ரிம்மின் நடுவே தெரியும் பெரிய நட்தான் ஆக்சில் நட். சிறிய கார்களிலேயே இதை 150 முதல் 250 நியூட்டன் மீட்டர்வரை முறுக்கியிருப்பார்கள்; சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். துருப்பிடித்த நட்டைக் கழற்ற இன்னும் அதிகம் வேண்டும். ஒரு மீட்டர் குழாயை ஸ்பேனரில் சொருகி உடல் எடையைப் போட்டு அழுத்தும்போது சக்கரம் சுற்றாமல் இருக்க வேண்டும். வண்டியின் எடையும் டயரின் உராய்வும் அதைச் செய்கின்றன. ஜாக்கியில் தூக்கிவிட்டு இதே பலத்தைக் கொடுத்தால் வண்டி சரியலாம். கியரில் போட்டிருக்கிறேனே என்பதும் உதவாது. இரண்டு சக்கரங்களும் தூக்கியிருந்தால், இரண்டு தண்டுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் வழியாக இந்தச் சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, அந்தச் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும், நட் அசையாது. ஆகவே வண்டி தரையில் நிற்கும்போது தளர்த்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடு, பிறகு ஜாக்கி, அதன்பின் கட்டாயம் ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் அடியில் போகக் கூடாது.

டிஃபரன்ஷியலைப் பற்றி இன்னொன்று. அது இரண்டு தண்டுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையையே கொடுக்கும். ஒரு தண்டு உடைந்தால் அந்தப் பக்கத்துத் தடை சுழி. எனவே மறுபக்கத்துக்கும் சுழிதான். என்ஜின் ஓடும், கியர் விழும், வண்டி நகராது. நிறுத்திய வண்டியைக் கியர் பிடித்து வைக்கும் என்ற நம்பிக்கையும் அப்போது பொய்த்துவிடும். சரிவில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது என்பது இதனால்தான்.

கியர் ஆயிலை வடித்த பிறகு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைச் சஸ்பென்ஷனின் கீழ்க்கையிலிருந்து விடுவிக்க வேண்டும். சில வண்டிகளில் இவை இரண்டையும் இணைக்கும் பால் ஜாயின்ட்டின் முனை கூம்பாக இருந்து கூம்புத் துளையில் இறுகியிருக்கும். நட்டை எடுத்தாலும் அது வராது, ஏனென்றால் அந்தக் கூம்பின் சரிவு உராய்வால் தானே பூட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறியது. மரைமுனையை அடித்தால் மரைதான் கெடும். துளை இருக்கும் பாகத்தின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி கொடுத்தால், துளை ஒரு கணம் நெளிந்து கூம்பை விட்டுவிடும். அதன்பின் நக்கிளை வெளியே சாய்த்து, தண்டின் முனையைப் பித்தளை அல்லது மரக்கட்டை வைத்துத் தட்டி ஹப்பிலிருந்து உள்பக்கமாகத் தள்ளலாம். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்க்க வேண்டும். கழன்ற தண்டைத் தொங்கவும் விடக் கூடாது; கம்பியால் கட்டித் தாங்க வேண்டும்.

உள்முனையைக் கியர்பாக்ஸுக்குள் பிடித்திருப்பது சர்க்ளிப் எனும் சிறு கம்பி வளையம். வாய் திறந்த அந்த வளையம் தண்டின் பள்ளத்தில் உட்கார்ந்து, உள்ளே போன பிறகு விரிந்து தடுக்கும். மெல்ல நெம்பினால் சில சமயம் அது சளைக்காது. திடீரென்ற ஓர் உலுக்கலுக்குச் சுருங்கி விடுபடும். இணைப்பின் கிண்ணத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே லீவரை நுழைத்து, ஆயில் சீலையும் அலுமினிய உடலையும் காயப்படுத்தாமல் நெம்ப வேண்டும். சில கியர்பாக்ஸுகளில் இரண்டு தண்டையும் ஒருசேர எடுத்தால் உள்ளே டிஃபரன்ஷியலின் பக்கப் பற்சக்கரங்கள் இடம் நழுவிவிடும். எனவே ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் தொடுவது நல்லது.

இந்த நிலையில் வண்டியைத் தரையில் இறக்கி உருட்டினால் என்ன? பல கார்களில் சக்கரப் பேரிங்கின் இரண்டு உள்வளையங்களையும் சேர்த்து அழுத்திப் பிடிப்பது ஆக்சில் நட்தான். 20 மில்லிமீட்டர் மரையில் 200 நியூட்டன் மீட்டர் முறுக்கினால், அது ஏறத்தாழ 5 டன் விசையில் அந்த வளையங்களை நெருக்குகிறது. ஆக்சில் இல்லாதபோது அந்த நெருக்கம் இல்லை. வண்டியின் எடை விழுந்தால் வளையங்கள் பிரிந்து, குண்டுகள் ஓரத்தில் ஏறித் தடத்தில் குழி விழும். புது ஆக்சில் போட்டதும் புதிதாக ஓர் உறுமல் கேட்டு, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தவிக்க நேரும்.

திரும்பப் பொருத்துவது ஏறக்குறைய தலைகீழ் வரிசை. தண்டு வெளியே வந்த வாய்ப்பை விடாமல், பழைய ஆயில் சீலை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். அதன் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். தண்டு முனையிலுள்ள ஸ்ப்ளைன் பற்கள் அந்த உதட்டைக் கீறாமல் நேராக நுழைய வேண்டும். புது சர்க்ளிப்பைக் கிரீஸ் வைத்துப் பள்ளத்தின் நடுவில் நிறுத்தி, ஒரே தள்ளாகத் தள்ளினால் ‘கிளிக்’ என்று உட்காரும். உட்கார்ந்ததா என்று பார்க்கக் கிண்ணத்தைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும், தண்டை அல்ல. புது நட் போடச் சொல்வதற்கும் காரணம் உண்டு: பல வண்டிகளில் இந்த நட்டின் விளிம்பைத் தண்டிலுள்ள பள்ளத்துக்குள் நசுக்கித்தான் பூட்டுகிறார்கள். ஒருமுறை நசுங்கிய விளிம்பு மறுமுறை அதே இடத்தில் சரியாகப் பிடிக்காது.

கடைசி முறுக்கு, சக்கரத்தைப் போட்டு வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு, டார்க் ரெஞ்சால். வண்டியை உருட்டும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் இறுக்குவதை நான் ஏற்கவே மாட்டேன். பேரிங்கின் ஆயுளை நிர்ணயிக்கும் அந்த 5 டன்னை அது குத்துமதிப்பாகத்தான் தரும். நட்டின் விளிம்பைப் ‘பஞ்ச்’ வைத்து அடித்துப் பூட்டுங்கள். வடித்த ஆயிலின் அளவைப் பார்த்து, கியர்பாக்ஸில் புது ஆயிலை நிரப்புத்துளையின் விளிம்புவரை ஊற்றுங்கள். நக்கிளைச் சாய்த்ததால் சக்கரத்தின் கோணம் மாறியிருக்கக்கூடிய வண்டிகளில் வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிட வேண்டும்.

பிறகு காலியான ஒரு மைதானத்தில் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுதும் ஒடித்து இரண்டு வட்டம், வலப்பக்கம் ஒடித்து இரண்டு வட்டம், இரண்டையும் ரிவர்ஸிலும் ஒருமுறை. ஒலி இன்னும் கேட்டால் மறுபக்கத்து ஆக்சிலைப் பாருங்கள்; காரின் உடல் வழியாக வரும் ஒலி இடம் வலம் மாறிக் கேட்கும். மறுநாள் காலை, கியர்பாக்ஸும் ஆக்சிலும் சேரும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். ஆயில் ஈரம் இருந்தால் சீல் சரியாக உட்காரவில்லை. இல்லையென்றால், அடுத்த சர்வீஸில் ரப்பர் உறையைப் பார்த்தால் போதும்.